கூடையும் குப்பியும்



இரண்டு ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், நம் பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்றுக்குச் சென்று இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் வைகறையில் திருப்பலி. அவ்வூரில் நமக்குக் கடிகாரம் தேவைப்பட்டதே இல்லை. நான்கு மணிக்கெல்லாம் சிற்றாலயத்தின் பின்புறத்துச் சேவல் ஒன்று குரல் கொடுக்கும். கீழத்தெருச் சேவல் அதற்கு விடையளிக்கும். பிறகு ஊர் முழுவதும் எழுந்துவிடும். அன்றோ நாம் கண் விழித்தபோது கிழக்கு நன்றாக வெளுத்திருந்தது. உபதேசியாரைக் கேட்டோம். "ஊரில் கோழியே இல்லை சாமி. இருபது நாளில் எல்லாம் போய்விட்டன" என்றார்.

திருப்பலி முடிந்து தெருவில் நடந்தோம். கவிழ்த்த பஞ்சாரங்கள் திண்ணையோரம் வெறுமனே கிடந்தன. கடைசி வீட்டில் தனியே வாழும் மூதாட்டி ஒருவர், தம் பதினான்கு கோழிகளையும் புதைத்த இடத்தைக் காட்டினார். தாயை இழந்த பேத்தி ஒருத்தி அவர் பொறுப்பில் வளர்கிறாள். பள்ளி திறக்கும்போது இரண்டு பெட்டைகளை விற்றுத்தான் சீருடையும் நோட்டுப் புத்தகங்களும் வாங்குவது வழக்கம். நாம் ஆறுதல் கூறினோம். உண்மையைச் சொன்னால், அன்று நாம் அதற்கு மேல் ஒன்றும் செய்தறியோம்.

தெருவிலே துயரத்தைவிடச் சினமே மிகுந்திருந்தது. அச்சினம் ஒரு மனிதர்மேல் திரும்பியிருந்தது. அவரும் அத்தெருவினரே. மிதிவண்டியின் பின்புறம் ஒரு பெரிய மூங்கிற்கூடையைக் கட்டி, ஏழெட்டு வீட்டுக் கோழிகளை வாரந்தோறும் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுக் கொடுப்பவர். எந்தக் கோழி யாருடையது என்று தெரிவதற்காகக் காலில் நிறநிறமாய் நூல் கட்டியிருப்பார். சிவப்பு நூல் ஒரு வீடு, மஞ்சள் நூல் மற்றொரு வீடு. விற்ற பணத்தைக் காசு பிசகாமல் ஒப்படைப்பார். மாசி மாதத்துச் சந்தை ஒன்றில் விலை படியாமல் இரண்டு கோழிகளைத் திருப்பிக் கொண்டுவந்தார். பத்து நாளில் தெருவெங்கும் சாவு. "சந்தையிலிருந்து சீக்கைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து ஊரை அழித்துவிட்டான்" என்று ஒரே பேச்சு. அவர் மனம் நொந்து தெருவாரோடு பேச்சை விட்டார். கூடையை உத்திரத்தில் தொங்கவிட்டார். "இனி அவரவர் கோழியை அவரவர் பார்த்துக்கொள்வோம்" என்று ஊரும் முடிவு கட்டியது.

அம்முடிவு சரியானதா? அதைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

நம் கிராமங்களில் கோழி வளர்ப்பு எந்நாளும் தனி வீட்டுக் காரியமாக இருந்ததில்லை. கோழி வாங்க வகையற்ற ஏழைப் பெண்ணுக்கு, வசதியுள்ளவள் தன் பெட்டையை வாரத்துக்கு விடுவாள். வளர்ப்பவளுக்குக் குஞ்சுகளில் ஒரு பங்கு, உரியவளுக்கு ஒரு பங்கு. ஒரு வீட்டுக் கோழி அடைகாக்க அமர்ந்திருக்கும், முட்டையோ போதாது. பக்கத்து வீட்டிலிருந்து அடைமுட்டை வரும். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளைத் தன் சிறகுக்குள் அடக்கும். இருபத்தொன்றாம் நாள் குஞ்சுகள் வெளிவரும். பொரித்தவற்றைப் பேசியபடி பிரித்துக்கொள்வார்கள். பருந்து வட்டமிட்டால் முதலில் கண்டவர் கூவுவார். நான்கு வீட்டார் கல்லெடுத்து ஓடிவருவார்கள். கோழிக்கு வேலியும் இல்லை, எல்லையும் இல்லை. அது ஒரு வீட்டில் முட்டையிடும், ஒரு வீட்டில் மேயும், மற்றொரு வீட்டுக் கீரைப்பாத்தியைக் கிளறிச் சண்டையும் மூட்டும். ஆகவே அண்டை வீட்டாரின் ஒத்துழைப்பின்றி நாட்டுக்கோழி வளர்ப்பது இயலாத காரியம்.

கோழிகள் கலந்து மேய்வது போலவே நோயும் கலந்து மேய்கிறது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அவ்வூரில் வந்தது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரருகேயும் சாவகத் தீவிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நம் நாட்டில், குமாவுன் மலையிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் காணப்பட்டதால், இந்தியாவில் அவ்வூரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. கோழி தீனியை மறுத்து இறக்கை தளர்ந்து ஒதுங்கி நிற்கும். வெண்மையாகவோ பச்சையாகவோ கழியும். வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், காலோ இறக்கையோ விழுந்துவிடும். இது வைரஸ் என்னும் நுண்ணுயிரால் வருவது. வந்தபின் குணப்படுத்தும் மருந்து கிடையாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்துக் காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தடுப்பூசி போடாத கோழிகளிடையே புகுந்தால், ஏறக்குறைய அனைத்தையும் வாரிக்கொண்டு போகவும் கூடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நோய்க்கிருமி உட்புகுந்த பிறகு அடையாளம் வெளிப்பட இரண்டு நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாளாகும். பார்வைக்கு நலமாக இருக்கும் கோழி நோயைச் சுமந்துகொண்டிருக்கக் கூடும். எச்சத்தின் வழியாகவும், மூக்கு வாய் நீரின் வழியாகவும், கழுவாத கூடை, பஞ்சாரம், செருப்பு இவற்றின் வழியாகவும் அது பரவும். செத்த கோழியைக் குளத்தங்கரையில் எறிந்தால் நாயும் காகமும் அதை அடுத்த தெருவுக்கு இழுத்துச் செல்லும். அன்போடு இரவல் கொடுத்த பஞ்சாரமே அடுத்த வீட்டுக்குச் சாவைக் கொண்டுசேர்ப்பதுண்டு.

அப்படியானால் அவரவர் தனித்தனியே வாழ்வதுதான் நல்லது என்று தோன்றலாம். அதற்கு விடை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது.

இராணிக்கெட் நோய்க்கு நல்ல தடுப்பூசி நெடுநாளாகவே உண்டு. குமாவுன் மலையிலேயே முக்தேசுவரம் என்னுமிடத்தில் அமைந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் உருவான தடுப்பு மருந்தின் வழிவந்ததே, இன்றும் வளர்ந்த கோழிகளுக்குப் போடப்படும் 'ஆர் 2 பி' ஊசி. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. அது லசோட்டா, எஃப் என்னும் மென்மையான மருந்து. எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி ஊசி. பிறகு மருத்துவர் கூறும் இடைவெளியில் மீண்டும் ஊசி. அரசுக் கால்நடை மருந்தகங்களில் இது இலவசமாகவே போடப்படுகிறது. பின் ஏன் நம் கோழிகள் சாகின்றன?

குப்பியின் கணக்குத்தான் காரணம். அம்மருந்து உலர்ந்த தூளாக, பொதுவாக 100 கோழிகளுக்குரிய அளவாக ஒரு குப்பியில் வருகிறது. பனிக்கட்டியின் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். வெயில் பட்டால் கெட்டுவிடும். நீர்மத்தில் கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் முழுவதையும் பயன்படுத்திவிட வேண்டும்; மிஞ்சியதை நாளைக்கு வைக்க இயலாது. ஒரு வீட்டில் இருப்பதோ ஏழெட்டுக் கோழிகள். ஏழு கோழிக்காக ஒரு குப்பியை உடைத்தால் தொண்ணூற்று மூன்று கோழிக்குரிய மருந்து மண்ணுக்குப் போகும். தனி ஒருவர் பஞ்சாரத்தைச் சுமந்துகொண்டு நான்கு மைல் நடந்துபோய், "நூறு கோழி சேரட்டும், பிறகு வாருங்கள்" என்னும் பதிலைக் கேட்டுத் திரும்பினால், அவர் மீண்டும் போவதில்லை. பண்ணைக்காரருக்கு இத்தொல்லை இல்லை. அவரிடம் ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள் உண்டு. ஏழைக்கோ அண்டை வீட்டாரே கொட்டகை. பத்து வீடு ஒன்று சேர்ந்தால்தான் அந்தக் குப்பி உடையும்.

அவ்வூர்ப் பெண்கள் இதை அறிந்துகொண்டது அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு. உறவினர் ஊர்களிலிருந்து அடைமுட்டையும் குஞ்சுகளும் கொண்டுவந்து மெதுவாக மீண்டும் தொடங்கியிருந்தார்கள். மூதாட்டியின் பேத்தி, ஒன்பதாம் வகுப்பு மாணவி, கால்நடை மருந்தகத்துக்குச் சென்று கேட்டு வந்தாள். எண்பது கோழியாவது ஓரிடத்தில் சேருமானால் தாமே ஊருக்கு வருவதாகக் கால்நடை ஆய்வாளர் கூறியிருந்தார். அவள் வீடுவீடாகச் சென்று எழுதினாள். ஏழு வீடுகளில் எட்டு வாரத்தைக் கடந்தவை அறுபத்தொன்று. எஞ்சியிருந்த பத்தொன்பது கோழிகள் ஒரே ஒரு வீட்டில் இருந்தன. அது அந்தக் கூடைக்காரர் வீடு.

யார் போய் அழைப்பது? ஒருவரும் அசையவில்லை. அன்று மாலை மூதாட்டியே கோலை ஊன்றிக்கொண்டு சென்றார். அவர் அங்கே கூறியதைத் தெருவார் பலர் கேட்டனர். அவருடைய இசைவோடுதான் நாமும் இங்கே எழுதுகிறோம். "தம்பி, உன் கூடையில் சீக்கு வந்ததென்று எல்லாரும் சொன்னபோது நான் வாய் மூடி இருந்தேன். நீ சந்தைக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே என் கறுப்புக்கோழி தீனி எடுக்காமல் உறங்கிக்கொண்டிருந்தது. சொன்னால் மற்றதை எவரும் வாங்கமாட்டார்களே என்று மறைத்துவிட்டு, மூன்று கோழியை உன் கூடையில் போட்டனுப்பினேன். பேத்திக்குப் பணம் வேண்டியிருந்தது."

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "பெரியம்மா, திரும்பி வந்த கோழியை நானும்தான் தனியே கட்டாமல் தெருவில் விட்டேன், கூடையையும் கழுவவில்லை" என்றாராம். எழுந்து உத்திரத்திலிருந்த கூடையை இறக்கினாராம்.

நோய் மூதாட்டியின் முற்றத்திலிருந்து போயிற்றா, சந்தையிலிருந்து வந்ததா என்பதை எவராலும் இன்று கூற முடியாது. அது தேவையும் இல்லை. அத்தெருவார் கூடையைப் பகிர்ந்துகொண்டார்கள்; உழைப்பைப் பகிர்ந்துகொண்டார்கள்; செய்தியை மட்டும் பகிர்ந்துகொள்ளவில்லை. ஒத்துழைப்பால் வந்த கேடன்று அது. பாதியில் நின்ற ஒத்துழைப்பால் வந்த கேடு. "என் கோழிக்கு உடம்பு சரியில்லை" என்று ஒருவர் முதல் நாளே சொல்லியிருந்தால், அந்த வாரம் கூடை புறப்பட்டிராது. ஆனால் அப்படிச் சொல்லும் ஏழையின் நட்டத்தைத் தெருவார் தாங்குவார்கள் என்னும் நம்பிக்கை அவருக்கு இருந்ததா? சொன்னவரைப் பழிக்கும் ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார். ஆகவே மறைத்தவர்மேல் மட்டுமன்று, மறைக்கும்படி செய்தவர்கள்மேலும் பொறுப்பு உண்டு.

குறித்த நாளில், கோழிகளைத் திறந்துவிடுவதற்கு முன் விடியற்காலையிலேயே புளியமரத்தடியில் பஞ்சாரங்கள் வரிசையாக வந்து சேர்ந்தன. பிளாஸ்க்கில் பனிக்கட்டியோடு மருந்து வந்தது. ஒரு மணி நேரத்தில் ஊசி முடிந்தது. வாடியிருந்த ஒன்றிரண்டை மட்டும் ஆய்வாளர் ஒதுக்கினார். நலமாக உள்ளவற்றுக்கே ஊசி போட வேண்டும். அன்று முதல் பேத்தியின் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வீட்டுக் குஞ்சும் பொரித்த நாள் எழுதப்படுகிறது. குஞ்சு பொரிக்கும் காலத்தையும் ஓரளவு ஒன்றுபோல அமைத்துக்கொள்கிறார்கள். நான்கு வீட்டில் ஒரே வாரத்தில் அடை வைத்தால் சொட்டு மருந்தும் வீணாவதில்லை.

இது நம் ஊரில் மட்டும் உள்ள தொல்லையன்று. வங்காளதேசத்தில், பசல் ஹசன் ஆபேத் 1972-இல் தொடங்கிய 'பிராக்' நிறுவனம் கிராமப் பெண்களுக்கே கோழித் தடுப்பூசி போடும் பயிற்சி அளித்தது. குளிர்ப்பெட்டி இல்லாத இடங்களில் பழுத்த வாழைப்பழத்துக்குள் குப்பியைப் பொதிந்து கொண்டுபோன செய்தியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்புரோ என்னும் அறிஞரும் உடன் பணியாற்றியோரும், வெப்பத்தை ஓரளவு தாங்கும் 'ஐ-2' என்னும் கண் சொட்டு மருந்தை ஏழை நாடுகளுக்கென உருவாக்கினர். மொசாம்பிக் நாட்டில் மார்ச்சு, சூலை, நவம்பர் என ஆண்டுக்கு மும்முறை நாள் குறித்து, பயிற்சி பெற்ற ஊராரே வீடுதோறும் சென்று அதனைச் சொட்டும் முறை ஏற்பட்டது. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தீனியாகவே கொடுக்கத்தக்க குருணை மருந்து ஒன்றை உருவாக்கியுள்ளது. எந்த மருந்தாயினும், ஒரு வீடு விடுபட்டால் நோய்க்கு ஒரு வாசல் திறந்தே இருக்கும்.

இனி, கோழிகளைக் கொண்டுபோவது பற்றிச் சில சொற்கள். கால்களைச் சேர்த்துக் கட்டி, மிதிவண்டிக் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுச் செல்லும் காட்சியை நாம் அன்றாடம் காண்கிறோம். கண்டு பழகிவிட்டதால் அது கொடுமையாகத் தோன்றுவதில்லை. நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் இருப்பதுபோல் பறவைக்கு இல்லை. தலைகீழாகத் தொங்கும்போது குடலும் ஈரலும் மூச்சுப்பைகளை அழுத்த, அது மூச்சுக்குத் திணறுகிறது. தேவையற்ற வேதனை தரும் வகையில் உயிரினங்களைக் கொண்டுசெல்வதை 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. சட்டம் இருக்கட்டும்; இறைவன் படைத்த உயிர் அது. வேதனைப்பட்ட கோழி எடை குறைவதும் வழியிலேயே சாவதும் உரியவருக்கும் நட்டமே.

அத்தெருவார் இப்போது கைக்கொள்ளும் முறைகளைக் கீழே தருகிறோம். நம் குடும்பங்களும் கைக்கொள்ளலாம்.

சந்தைக்குப் புறப்படும் முதல் நாள் மாலை, எந்த வீட்டிலேனும் ஒரு கோழி சோர்ந்திருந்தால் சொல்லிவிட வேண்டும். அந்த வாரம் எவர் கோழியும் போகாது. சொன்னவரைக் குறைகூறலாகாது.

காற்றோட்டமுள்ள அகன்ற கூடையில், அடியில் வைக்கோல் பரப்பி, நெருக்காமல் வைக்க வேண்டும். தண்ணீர் காட்டிவிட்டு, வெயில் ஏறுமுன் போய்ச் சேர வேண்டும்.

கொண்டுபோகிறவருக்குக் கோழிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்க வேண்டும். நன்றி மட்டும் சொல்லி அனுப்பலாகாது. பத்துக் கோழி சேர்ந்து போவதால் வியாபாரியிடம் கைமதிப்புக்கு விடாமல் தராசில் நிறுத்துக் கேட்க முடிகிறது.

விற்காமல் திரும்பிய கோழியையும் புதிதாய் வாங்கிய கோழியையும் இரண்டு வாரம் தனியே கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். கூடையைக் கழுவி, பிளீச்சிங் தூள் நீர் தெளித்து, ஒரு பகல் முழுதும் வெயிலில் காய வைக்க வேண்டும்.

செத்ததை எறியாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். பல கோழிகள் ஒருங்கே திடீரெனச் செத்தால் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். பறவைக்காய்ச்சல் போன்ற நோய்களும் இன்று உள்ளமையால் அவற்றை உண்பதோ விற்பதோ கூடாது.

இவற்றுள் மிகவும் கடினமானது எது என்று அத்தெருப் பெண்களைக் கேட்டோம். கூடை கழுவுவதா, குழி தோண்டுவதா? "முதலாவதுதான் சாமி, உள்ளதைச் சொல்வதுதான்" என்றார்கள்.

நம் ஆண்டவர், எருசலேமுக்காகப் புலம்பியபோது தம்மைத் தாய்க்கோழிக்கு ஒப்பிட்டார் என்பதை அறிவீர்கள். அக்கோழி தன் சிறகுக்குள் சேர்க்கும்போது, எது சொந்த முட்டையில் பொரித்தது, எது பக்கத்து வீட்டு அடைமுட்டையில் பொரித்தது என்று பார்ப்பதில்லை. இராயப்பர் மறைத்ததை அவருக்கே நினைவூட்டி அழவைத்ததும் ஒரு சேவலின் குரல் அன்றோ!

இவ்வாண்டுத் தவக்காலத்தில் மீண்டும் அவ்வூரில் தங்கினோம். நான்கு மணிக்குச் சிற்றாலயத்தின் பின்புறத்திலிருந்து குரல் எழுந்தது. சற்றுப் பொறுத்துக் கீழத்தெருவிலிருந்து விடை வந்தது. அது கூடைக்காரர் வீட்டுச் சேவல் என்று பிறகு உபதேசியார் கூறினார்.